ஜீப்பை உயர்த்தப் பட்டறை தேடுதல்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுவது மரபு. இக்கட்டுரையில் பட்டறை என்பது, ஒரு பழைய ஜீப்பை நாலைந்து அங்குலம் உயர்த்தி, உயர்த்திய பிறகும் அதை ஜீப்பாகவே ஓட விடத்தக்க இடத்தைக் குறிக்கும். இதில் முதற்பாதியை மட்டும் செய்யத்தக்க இடங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவை இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. ஆய்வாளர்தான் அடிக்கடி அவற்றின் எல்லைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்.

ஏன் உயர்த்த வேண்டும் என்ற வினா ஈண்டு எழும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். தோட்டம் தேனி மாவட்டத்தில். ஏறும் வழியோ கேரளத்தில். உயரம் 7,000 அடிக்கு மேல். பாதை என்று சொல்லப்படுவது பாறைகள் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு உருண்டு கிடக்கும் ஓர் ஏற்பாடு. அதில் பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய ஜீப்புகள் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து நாள்தோறும் போய் வருகின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் ஒருவர்கூட அங்குலக் கணக்குப் பேசி நான் கேட்டதில்லை. இது என் ஆய்வுக்கு எதிரான சான்று என்பதை அறிவேன். ஆயினும் ஆசைக்குச் சான்று கேட்பது ஆய்வு நெறியன்று.

இனி வரலாறு. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1947இல். அந்த வம்சத்து வண்டிகளில் ஸ்பிரிங் பட்டை, ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கும். அதைப் பிடுங்கி ஆக்ஸிலுக்கு மேலே உட்கார வைத்தால், ஆக்ஸில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து அப்படியே உயரமாகக் கிடைக்கும். ஒரே இடமாற்றத்தில் நாலைந்து அங்குலம். 2010இல் வந்த தாரில்கூடப் பின்பக்கம் பட்டைதான். 2020இல் வந்த தார், பின்னாலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. எனவே பட்டையும் அதன் பட்டறையும் மெல்ல மெல்லத் தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்துகொண்டிருக்கின்றன எனத் துணியலாம்.

கருத்துவேறுபாடு தொடங்குவது இதற்கு மேல்தான். பட்டைக்கு ஒரு கணக்கு உண்டு: தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும், நீளம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். மலையில் ஏறும் வண்டிக்கு வேண்டியது இளக்கம். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மற்றொன்று பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட வேண்டும். தொடாத சக்கரம் அந்தரத்தில் சுற்றும்; வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் நம் நாட்டுப் பட்டை ஞானம் முழுவதும் பாரம் சுமப்பதற்காக வளர்ந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். சங்ககிரி என்றாலே லாரி. அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட வினா ஒன்றே: இன்னும் எவ்வளவு ஏற்றலாம்? அதற்கு விடை சொல்ல அவர்களைவிடச் சிறந்த அறிஞர்கள் இல்லை. அவர்களிடம் போய், பட்டை இளக வேண்டும் என்று சொல்பவரை, வெயிலில் வந்தவர் என்று கருதித் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள்.

"ரெண்டு பட்டை சேத்துப் போட்டா தூக்கிருமுங்க."

தூக்கிவிடும், ஐயமில்லை. பிறகு அந்த ஜீப்பில் போகும் மனிதரையும் அது தூக்கிவிடும். மேற்கண்ட கூற்றை நான் பட்டறைக்குப் பட்டறை, சுருதி மாறாமல் கேட்டிருக்கிறேன். வேறு சிலர், பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் செக்கிளை நீட்டிப் போடச் சொல்கிறார்கள். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலம்தான். முன்பக்கம் செய்தால் ஸ்டீயரிங் அலைபாயத் தொடங்கிவிடும். முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைக்கலாம் என்று சொன்னவரிடமிருந்து நான் வணக்கம் சொல்லி விடைபெற்றேன். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் விழும் முறுக்கை அந்தக் கட்டை எத்தனை நாள் தாங்கும் என்று அவருடன் வாதாடும் துணிவு எனக்கில்லை.

தமிழ் இலக்கணம் இத்துறைக்கு முன்பே வழிகாட்டியிருக்கிறது. அகத்திணைகளின் உரிப்பொருள் ஐந்தும் ஒரே வேலைக்குள் அடங்கிவிடுகின்றன. மேஸ்திரியை முதன்முதலில் கண்டு, நம் மனத்தில் உள்ளதை இவர் அறிந்தார் என்று நெகிழ்வது புணர்தல். வண்டியை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீடு திரும்புவது பிரிதல். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்ற சொல்லை நம்பி இருத்தல். பில் வந்ததும் ஊடல். நெடுஞ்சாலையில் அறுபதைத் தொட்டதும் தரைப்பலகை அதிர, உயர்ந்த வண்டியில் புரொப்பல்லர் ஷாப்ட்டின் சாய்வு மாறிவிட்டதையும் கிராஸ் தேய்ந்துகொண்டிருப்பதையும் உணர்வது இரங்கல். இவற்றுள் இருத்தலுக்குரிய முல்லைத்திணைதான் மிக நீண்டது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் ஆராய எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கமும், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சிறையில் தரை சமதளம். உயரமான வண்டி அங்கே தேவைப்படாது.

நல்ல பட்டறையை அடையாளம் காண்பதற்கான முறையியல், கீழடி காட்டிய வழியில், குப்பைமேட்டை அடுக்கடுக்காகப் படிப்பது. மேலடுக்கில் காகித டீ கப்புகள். எல்லாப் பட்டறைக்கும் பொது. அதன் கீழ் தேய்ந்த கட்டிங் வீல்களும் வெல்டிங் ராடுகளின் அடித்துண்டுகளும். ராடு டப்பா மழைச்சாரலில் திறந்தே கிடந்தால் அங்கே ஆய்வை முடித்துக்கொள்ளலாம். ஈரம் ஏறிய ராடின் ஒட்டு வெளியே அழகாகவும் உள்ளே ஓட்டைகளோடும் இருக்கும். மூன்றாம் அடுக்கு முக்கியம்: பழைய யூ போல்ட்டுகள். யூ போல்ட் ஒருமுறை முறுக்கிக் கழற்றினால் நீண்டுவிடும், திரும்பப் போடக் கூடாது. அவை குப்பையில் கிடந்தால் நல்ல சகுனம். கிடக்கவில்லை என்றால், யாரோ ஒருவரின் வண்டியில் அவை மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஐயம் நீங்காதவர்கள் ஒரு வினா விடுக்கலாம்: "உடைஞ்ச மெயின் பட்டையைப் பத்தவெச்சுத் தருவீங்களா?" தருகிறேன் என்பவரிடம் வண்டியைத் தரலாகாது. பட்டை பதம் ஏற்றிய எஃகு. பற்றவைத்த இடத்தில் பதம் கெட்டு நொறுங்கும். அந்த எஃகில் அரிவாள் அடிக்கலாம், அதற்கு அது மிகவும் உகந்தது.

இவ்வளவிலும் தேறிய ஒரு பட்டறையைக் கோவைக்கு வெளியே கண்டேன். சாலைக்கே வராத தோட்டத்து ஜீப் ஒன்றுக்குப் பட்டை மேலேறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி, பட்டை உட்காரும் பேடை ஆக்ஸில் குழாயின்மேல் வைத்து நான்கு மூலையிலும் புள்ளி மட்டும் வைத்தார். ஜாக்கியை இறக்கி, வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் விழ விட்டார். கீழே படுத்து ஷாப்ட்டின் சாய்வை அளந்தார். ஒரு புள்ளியை வெட்டி எடுத்து, பேடை ஒரு நூல் திருப்பி, மறுபடி வைத்தார். பிறகும் ஒரே ஓட்டமாகப் பற்றவைக்கவில்லை. இந்தப் பக்கம் சிறிது, எதிர்ப் பக்கம் சிறிது. நடுவே கையைக் கட்டிக்கொண்டு குழாய் ஆறக் காத்திருந்தார், சூட்டில் குழாய் வளைந்துவிடாதிருக்க. பிரேக் ஹோஸ் நீளமானதாகப் புதிதாக வாங்கி வைத்திருந்தார். விலையைப் பற்றி யாரும் இன்னும் பேசியிருக்கவில்லை.

என் முறை வந்தது. "வண்டி எங்கீங்க போகும்? எத்தனை பேரு ஏறுவீங்க?" என்றார். இவ்வினா வேறு எந்தப் பட்டறையிலும் எனக்கு விடுக்கப்படவில்லை. சொன்னேன். அவர் டேப்பை எடுத்து, பட்டையின் வளைவை அளந்து, பின்பக்கம் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உங்களுக்கு உயர்த்தவே வேண்டாமுங்க. பட்டை படுத்திருச்சு. கேம்பர் ஏத்தி, புஷ் மாத்துனா கம்பெனி விட்ட உயரம் வந்துரும். அதுக்கே கொழுக்குமலை ஏறும்."

ஆய்வின் கருதுகோள் இத்துடன் தள்ளுபடியாயிற்று. பெரிய வேலையைத் தானாகவே வேண்டாமென்று சொன்னவர் இந்தத் தேடலில் இவர் ஒருவரே. பட்டறையின் பெயரையும் வழியையும் இங்கே தரவில்லை. தரவை மறைப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது என்பது தெரியும். கேம்பர் ஏற்றும் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார், என் ஜீப் வரிசையில் நிற்கிறது. அது வெளியே வரட்டும், கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி தருகிறேன்.