தம்பியார் நெடுந்தீவுக்குப் பிளான் போடுறார்

தம்பி, நீயும் உன்ரை கொட்டாஞ்சேனைச் சிநேகிதனும் சேர்ந்து நெடுந்தீவுப் பயணத்துக்குப் போட்ட பிளானைப் பாத்தன். எக்செல்லிலை போட்டிருக்கிறியள். மணித்தியாலத்துக்கு ஒரு நிறம். பத்தேகால் தொடக்கம் பத்தேமுக்கால் மட்டும் குதிரை. பத்தேமுக்காலிலையிருந்து பதினொண்டு மட்டும் பெருக்குமரம். பதினொண்டு பத்துக்கு வளருற கல்லு. அந்தக் கல்லு தலைமுறை தலைமுறையா வளருது எண்டு ஊர்ச்சனம் நம்பிக் கும்பிடுது. நீ அதுக்குப் பத்து நிமிசம் குடுத்திருக்கிறாய். பெரிய மனசு.

பெரியப்பா சொல்லுறதெல்லாம் பழசு எண்டுவாய். நான் அந்தத் தீவிலை பிறந்து வளந்து, இப்ப வெள்ளவத்தையிலை நாலாம் மாடியிலை குந்தியிருந்து, லிஃப்ட் வேலை செய்யிற நாளிலை மட்டும் கீழை இறங்கிற மனிசன். எனக்கு என்ன தெரியும்? எண்டாலும் கேக்கிறதுக்குக் காசு இல்லைத்தானே.

முதல் நீங்கள் மாலைதீவு எண்டுதான் கதைச்சனியள். அதுவே சுகம், மோனை. கட்டுநாயக்காவிலை பிளேன் ஏறினால் ஒண்டரை மணித்தியாலம். தண்ணிக்கு மேலை வீடு கட்டி வைச்சிருக்கிறாங்களாம். கட்டிலிலை கிடந்து கொண்டே மீனைப் பாக்கலாமாம். நெடுந்தீவு அப்பிடியில்லை. ராத்திரி காலி வீதியிலை யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிக்கவேணும். பக்கத்துச் சீற்றிலை இருக்கிறவர் அனுராதபுரம் தாண்டும் மட்டும் போனிலை காணி வழக்குக் கதைப்பார். விடிய யாழ்ப்பாணம். அங்கையிருந்து 776 ஆம் நம்பர் பஸ். பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு எண்டு கடலைக் கடந்து கடந்து போய் குறிகட்டுவானிலை இறக்கி விடுவான். அதுக்குப் பிறகு படகிலை ஒரு மணித்தியாலம்போல. வெளிநாட்டுக்குப் போறவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திடுவான், நீ அப்பவும் துறையிலை நிப்பாய்.

இன்னொண்டு. இன்ரநெற்றிலை அறை தேடேக்கை, நெடுந்தீவின்ரை மற்றப் பேர் டெல்ஃப்ட்தானே எண்டு அதை மட்டும் அடிச்சிடாதை. ஒல்லாந்திலை அதே பேரிலை ஒரு பட்டினம் இருக்கு. அங்கை நல்ல ஹோட்டலுகள் இருக்கு. காசும் கட்டிப்போட்டு வந்து என்னட்டை அழாதை.

உன்ரை பிளானைப் பாத்து நான் ஏன் சிரிச்சனான் எண்டு கோவிச்சுக் கொண்டு போட்டாய். காரணத்தைச் சொல்லுறன். அந்தத் தீவுக்குப் பிளான் போட்டுக் கொண்டு வந்த முதல் ஆள் நீயில்லை. பறங்கி கொண்டு வந்து விட்ட குதிரையளை ஒல்லாந்துக்காரன் கணக்கா வளர்த்தான்; லாயம் கட்டினான். லாயத்தின்ரை கல்லுத் தூண்கள் இப்பவும் நிக்குது, கூரை இல்லை. குதிரையளுக்கு ஆளில்லை. ஆரின்ரை சொத்தும் இல்லாமல் வெளியிலை மேயுதுகள். பிறகு வெள்ளைக்காரன் காலத்திலை, 19 ஆம் நூற்றாண்டின்ரை தொடக்கத்திலை, நோலன் எண்டு ஒரு ஐரிஷ்காரப் பட்டாளத்து அதிகாரி வந்து தீவை ஆண்டவர். குதிரை பெருக்கிறன், நார்ப்பயிர் வளக்கிறன் எண்டு அவரும் பெரிய பிளான்தான். நாரும் இல்லை, நோலனும் இல்லை.

அதெல்லாம் பழங்கதை எண்டு நினையாதை. 2021 தொடக்கத்திலை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் வெய்யிலாலையும் காத்தாலையும் கரண்ட் எடுக்கிற வேலையை ஒரு சீனக் கம்பனிக்குக் குடுத்தினம். அங்காலை இந்தியா இருக்கு, பாத்துக் கொண்டிருக்குமோ? சத்தம் போட்டுது. சீனாக்காரன் போனான். 2022 மார்ச்சிலை இந்தியா தானே செய்து தாறன் எண்டு கையெழுத்துப் போட்டுது. 2024 மார்ச்சிலை பிறகும் ஒரு கையெழுத்து, ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் நன்கொடை எண்டு. நாலாயிரம் ஐயாயிரம் சனம் சீவிக்கிற ஒரு தீவுக்கு இரண்டு வல்லரசு மல்லுக்கட்டினது, மோனை. அவங்களின்ரை பிளானே வருசக்கணக்கா இழுபட்டது. நீ சனிக்கிழமை ஒரே நாளிலை முடிக்கிறன் எண்டு நிக்கிறாய்.

அடுத்தது நாள். மார்கழிக் கடைசி எண்டு போட்டிருக்கிறாய். நத்தார் லீவாம். லீவை உன்ரை ஒவ்வீஸ் குடுக்கும், கடல் குடுக்காது. ஐப்பசியிலையிருந்து வாடையும் மழையும். வைகாசியிலை சோளகம் எழும்பினால் புரட்டாதி மட்டும் குதிச்சுக் கொண்டு நிக்கும். ரண்டுக்கும் நடுவிலை மாசி, பங்குனி, சித்திரை எண்டு கொஞ்ச நாள்தான் கடல் கிடக்கும். மாசியிலை போனால் மழையின்ரை பச்சையும் மிச்சம் இருக்கும், குதிரையும் கொஞ்சம் கொழுத்திருக்கும். ஆவணி வெய்யிலிலை போனால் எலும்பைத்தான் படம் பிடிப்பாய். தண்ணி வத்தின வருசங்களிலை அந்தச் சீவன்கள் விழுந்து செத்திருக்குதுகள். 2015 இலை தீவின்ரை ஒரு பகுதியைத் தேசிய பூங்கா எண்டு அறிவிச்சினம். குதிரைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியேல்லை, இப்பவும் தண்ணியைத்தான் தேடுது.

மார்கழியிலைதான் போவன் எண்டு நீ ஒற்றைக்காலிலை நிண்டால் நான் மறிக்கேல்லை. வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக் கொண்டு போ. படகின்ரை ஓரத்திலை இரு. காலமை வயிறு முட்ட இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிட்டு ஏறு. மீனுக்கும் ஏதும் குடுக்கத்தானே வேணும்.

படகைப் பற்றி ஒரு கதை. அது உல்லாசப் படகு இல்லை. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள், கிளினிக்குக்குப் போட்டு வாற கிழவியள், காலமை படிப்பிக்க வந்து பின்னேரம் திரும்புற ரீச்சர்மார், எல்லாரும் அதிலைதான். ஊராக்களுக்கு அது வீதி. லீவு நாளிலை கொழும்புப் பெடியள் கூட்டமா வந்து ஏறினால் கிழவி கரையிலை நிப்பா. அவவை விட்டிட்டு நீ ஏறினால் உன்ரை எக்செல்லிலை ஒரு கட்டம் பச்சையாகும். அவவுக்கு அடுத்த படகு மட்டும் வெய்யில்.

குமுதினி எண்ட படகு கிடைச்சால் பைலாவும் பப்பரவும் வேண்டாம். இதிலை நான் பகிடி விடேல்லை. 1985 மே 15, மாவிலித்துறையிலையிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினியை நடுக்கடலிலை மறிச்சு, கடற்படை ஆக்கள் சனத்தை வெட்டினவை. பொம்பிளையள், ஒரு கைக்குழந்தையும். முப்பதுக்கு மேலை எண்டு ஊரிலை கணக்கு வைச்சிருக்கினம். வருசா வருசம் அந்த நாளிலை கூடி அழுகினம். படகைத் திருத்தித் திரும்ப ஓட விட்டினம். வேறை என்ன செய்யிறது, அக்கரைக்குப் போகவேணுமே. அதே பலகையிலைதான் சனம் பிறகும் இருந்து போச்சுது. உன்ரை ஸ்பீக்கரைப் பைக்குள்ளை வை.

சரி, இறங்கினால் ஓட்டோக்காரன் வருவான். அவனிட்டையும் ஒரு பிளான் இருக்கு, உன்னதிலும் திறம். கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், கல்லு, குதிரை, சுத்திக் கொண்டு வந்து படகுக்கு விடுவான். பெருக்குமரத்தின்ரை பொந்துக்குள்ளை புகுந்து எல்லாரும் எடுக்கிற அதே போட்டோவை நீயும் எடுக்கலாம். அரபுக்காரர் கொண்டு வந்த மரம் எண்டு சொல்லுவினம். மன்னாரிலை பள்ளிமுனையிலையும் ஒண்டு நிக்குது. ஒல்லாந்தர் கோட்டை முருகைக்கல்லாலை கட்டினது, இப்ப பாதி கல்லுக்குவியல். வெடியரசன் கோட்டைக்குப் போனால் வாயைத் திறவாதை. நாங்கள் அது எங்கடை அரசன்ரை கோட்டை எண்டுவம், தொல்பொருள்காரர் பழைய பௌத்த தூபி எண்டுவினம். நீ கொழும்பிலையிருந்து ஒரு நாளுக்குப் போய் அந்த வழக்கைத் தீர்க்கத் தேவையில்லை.

நான் சொன்னால், இதையெல்லாம் விட்டிட்டு வேலியைப் பார். முருகைக்கல்லைக் கல்லுக்கு மேலை கல்லா அடுக்கியிருப்பினம். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, காத்துப் பூந்து போகிறதுக்கு இடைவெளி விட்டு அடுக்கினது. சோளகம் எத்தினை வருசம் அடிச்சும் நிக்குது. நீ இருக்கிற ஃபிளற்றிலை போன மழைக்கே சுவர் ஊறிப் போச்சுது எண்டு கொம்மா சொன்னா. அதை ஒரு எஞ்சினியர் கட்டினவராம்.

கொட்டாஞ்சேனைப் பெடியனும் ஒரு வரி சேர்த்திருக்கிறான். “பின்னேரம் 3 மணி, கச்சதீவு, முடிஞ்சால்.” கொச்சிக்கடை அந்தோனியாரிட்டை செவ்வாய்க்கிழமை போய் மெழுகுதிரி கொளுத்திற பிள்ளை, கச்சதீவிலையும் அவர்தானே இருக்கிறார் எண்டு நினைச்சிட்டான் போல. நல்ல பக்தி. ஆனா அந்தத் தீவு 285 ஏக்கர், குடியிருக்க ஒரு ஆளில்லை, குடிக்க ஒரு சொட்டுத் தண்ணியில்லை. மாசி பங்குனியிலை திருவிழா வரேக்கை இஞ்சையிருந்தும் இராமேஸ்வரத்திலையிருந்தும் சனம் போகும், பூசை முடிஞ்சால் திரும்பும். மற்ற நாளிலை நினைச்ச உடனை போய் இறங்கேலாது. 1974 இலை சிறிமாவோ அம்மாவும் இந்திரா காந்தியும் கையெழுத்துப் போட்டு முடிச்ச காரியத்தை, 2024 தேர்தலிலை மோடி ஐயா திரும்பக் கிண்டினவர். ஐம்பது வருசமா ரண்டு நாட்டுக்குத் தீராத சோலியைப் பெடியன் “முடிஞ்சால்” எண்டு ஒரு சொல்லிலை எழுதி வைச்சிருக்கிறான். அவனை வெளிநாட்டமைச்சுக்கு அனுப்பலாம்.

சாப்பாடு கொண்டு போக வேண்டாம். பிஸ்கற்றும் கொண்டு போய் அந்தப் பிளாஸ்ரிக்கை அங்கை விட்டிட்டு வராதை. முதல் நாளே ஆரையும் பிடிச்சுச் சொல்லி வைச்சால் மீனும் சோறும் கிடைக்கும். குடுத்து வைச்சிருந்தால் ஒடியல் கூழ். தண்ணியைப் பாத்துச் செலவழி. அங்கை நல்ல தண்ணிக்கிணறு எங்கை எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சாறாப்பிட்டிக் கிணறுகளை நம்பி ஊரே இருந்த காலம் உண்டு. நீ ஷவருக்குக் கீழை பாட்டுப் பாடி முடிக்கிறதுக்குள்ளை ஒரு குடும்பத்தின்ரை ரண்டு நாள் தண்ணி ஓடிப் போயிடும்.

இனித்தான் விசயத்துக்கு வாறன், கிட்ட வா, கொம்மாவுக்குச் சொல்லாதை. உன்ரை பிளானிலை கடைசிக் கட்டம் சிவப்பு நிறத்திலை இருக்கு: “திரும்புற படகு, தவற விடக் கூடாது.” அதைத் தவற விடு. வேணுமெண்டே விடு. பகல்லை நீ பாக்கப் போறது உன்னைப் போல வந்தவையின்ரை முதுகைத்தான். பின்னேரப் படகு ரீச்சர்மாரையும் உத்தியோகத்தரையும் ஏத்திக் கொண்டு போன பிறகுதான் தீவு தன்ரை ஆக்களோடை கதைக்கத் தொடங்கும். பெடியள் பந்தடிக்க வருவாங்கள். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் பட்டிக்கு வரும். பசுத்தீவு எண்டும் அதுக்கொரு பேர் இருந்தது. ஆரும் ஒரு கிழவன் வந்து, நீ ஆற்றை பிள்ளை எண்டு கேப்பான். என்ரை பேரைச் சொல்லாதை. சில கடன் இன்னும் தீரேல்லை. அப்பப்பாவின்ரை பேரைச் சொல்லு, பாய் விரிச்சுத் தருவாங்கள்.

திங்கக்கிழமை வேலைக்கு வரேல்லை எண்டு உன்ரை மனேச்சர் சத்தம் போடுவான். சுகமில்லை எண்டு பொய் சொல்லாதை, மெடிக்கல் கேப்பான். காத்து எண்டு சொல்லு, காத்தெண்டால் படகு விடமாட்டாங்கள் எண்டு சொல்லு. கொழும்பிலை இருந்து கொண்டு ஆர் போய் அந்தக் காத்தை விசாரிக்கப் போகினம்?