வெட்டுப்புள்ளி அண்ணை

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கிழமையே, முதல் மழைக்குத் தவளை போல, முள்ளியவளையில் ஒரு மனிதர் வெளிப்பட்டுவிடுவார். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் வெட்டுப்புள்ளி அண்ணை. அவர் கம்பஸ் வாசலை மிதித்திருக்க வேண்டியதில்லை. கையில் போன வருட வெட்டுப்புள்ளிப் பட்டியல் இருந்தால் போதும். வித்தியானந்தாக் கல்லூரியில் படித்து முடித்து, இணையத்தில் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பக் கொம்யூனிகேசன் கடைக்கு வரும் பிள்ளையிடம் இசட் புள்ளியை நாலு தசமதானத்துக்கும் விசாரிப்பார். சாதகம் பார்க்கும் சாத்திரியார் போலக் கண்ணை மூடித் திறப்பார். "தம்பி, எஞ்சினியரிங்குக்கு மொறட்டுவையை மேல போட்டியெண்டா கிளிநொச்சியும் கையை விட்டுப் போயிடும். கிளிநொச்சி அறிவியல்நகரை முதலாவதாப் போடு" என்று தீர்ப்புச் சொல்வார்.

அவரை ஒன்றும் தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற கணக்கும், அந்த 5 வீதத்தில் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கும் பங்குண்டு என்பதும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரே பாடநெறிக்குக் கொழும்பில் ஒரு வெட்டுப்புள்ளி, இங்கே இன்னொன்று ஏன் என்பதை எந்தத் தாய்க்கும் விளங்கப்படுத்துவார். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாவை இன்னமும் "யாழ்ப்பாணத்தின்ர வளாகம்" என்பதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கை அவர் சம்பந்தம் பேசுவதாக நினைப்பதுதான். மூன்றாவதாக எழுதப்பட்ட பல்கலைக்கழகம், "எங்களை மூன்றாவதாத்தானே கேட்டனீங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கணக்குக்கு ரோசம் கிடையாது. அது பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி எட்டுகிற முதல் இடத்தைக் கொடுக்கும். மொறட்டுவைக்கு எட்டாத புள்ளி கிளிநொச்சிக்கு எட்டினால் கிளிநொச்சிதான். மொறட்டுவையை மேலே எழுதியதற்குத் தண்டம் இல்லை.

அண்ணையின் பயத்துக்குப் பொருத்தமான நாடு ஒன்று உண்டு, அது அமெரிக்கா. அங்கே பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முன்கூட்டிய முடிவு என்றொரு வழி இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு இடத்துக்கு, "எடுத்தால் வருவேன்" என்று வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அப்படி வருபவர்களுக்கு அனுமதி கிடைக்கும் வீதம் பொதுவாகக் கூடுதல். அந்த ஒற்றை வாய்ப்பை எட்டாத கனவில் செலவழித்தால், எட்டக்கூடிய இடத்தில் கிடைத்திருக்கும் அனுகூலம் போய்விடும். ஆகவே அங்கே ஆசையையும் வாய்ப்பையும் தராசில் வைத்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தலையிடி இல்லாத முள்ளியவளைப் பிள்ளைக்கு, அண்ணை அதை இலவசமாக இறக்குமதி செய்து கொடுக்கிறார்.

"அப்ப போன வருசப் பட்டியலைக் கிழிச்சு எறியிறதோ?" என்று அவர் கேட்கலாம். வேண்டாம். விருப்பப் பட்டியலை எவ்வளவு தூரம் கீழே கொண்டுபோக வேண்டும் என்று அறிய அது உதவும். எது மேலே, எது கீழே என்று தீர்மானிக்க உதவாது. போன வருடக் கோடு இந்த வருடப் பிள்ளைகளைப் பார்த்துப் போட்டதல்ல. "பெட்டைப் பிள்ளையை மாத்தறைக்கு எப்பிடி அனுப்பிறது?" என்ற கேள்வி அடுத்தது. அது நியாயமான கவலை. தூரமும் செலவும் பிள்ளைக்கே பெரிதாகப் பட்டால் மாத்தறையிலுள்ள றுகுணைப் பல்கலைக்கழகம் கீழே போகட்டும், எழுதாமலும் விடலாம். அதுவும் உண்மையான விருப்பம்தான். விரும்பாத ஒன்றைப் பாதுகாப்பு என்று தலையில் ஏற்றுவதுதான் ஆபத்து. புள்ளி எட்டினால் அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய ஆசையை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எல்லாக் கதவும் திறந்திருந்தால் முதலில் எதற்குள் போவாய்? அதை முதலாவதாகவும், அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதட்டும். அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். மவுஸை மட்டும் கொடுக்காதீர்கள்.