கடல் நகர்ந்தது, கோப்பு நகரவில்லை

கொற்கைக்குப் போகிறவர்கள் அங்கே கடலைத் தேட வேண்டாம். பாண்டியனின் துறைமுகமும் முத்துச் சந்தையும் இருந்த ஊர்தான். இன்று வாழைத்தோட்டமும் குளமும் கோயிலும் இருக்கின்றன. கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையைத் தூர்த்தது. துறை பழையகாயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது அங்கேதான் கப்பல் கூட்டம். அதுவும் தூர்ந்தது. பிறகு தூத்துக்குடிக்கு யோகம் அடித்தது. வாழ்ந்து கெட்ட ஊர்களுக்கெல்லாம் ஆற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆறு எதிர்த்துப் பேசாது.

ஆதிச்சநல்லூருக்கு அந்த வசதி இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றின் தென்கரையில் முதுமக்கள் தாழிகள் புதைந்த 114 ஏக்கர் பறம்பு. அதைக் கெடுத்தது வண்டல் அல்ல, வவுச்சர்.

1876இல் பெர்லினிலிருந்து ஜாகர் என்றொரு துரை வந்து தோண்டி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரே தோண்டினார். பொன்னைத் தகடாக அடித்து, தலையில் கட்டிக்கொள்ள இரு முனையிலும் துளையிட்ட நெற்றிப்பட்டங்கள், வெண்கலத்தில் எருமை, நாய், இரும்பு வேல், வாள் என்று வந்துகொண்டே இருந்தன. அவற்றின் பட்டியல் 1915இல் அச்சாகி வெளிவந்துவிட்டது. தந்திக் காலத்து வெள்ளைக்காரனுக்குப் பத்து வருடம் போதுமாக இருந்தது.

சுதந்திர இந்தியாவின் தொல்லியல் துறை 2004இல் கடப்பாரையை எடுத்தது. நூற்றுக்கும் மேல் தாழிகள் கிடைத்தன. அறிக்கையைத்தான் காணோம். அரசாங்கம் மாறியது, அமைச்சர் மாறினார், கணினியே மூன்று தலைமுறை மாறியது. கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்வி கேட்ட பிறகுதான் மாதிரிகள் காலக்கணிப்புக்கு அமெரிக்கா போயின. 2019இல் பதில் வந்தது: கி.மு. 905, கி.மு. 696. எலும்பு இரண்டாயிரத்து எழுநூறு வருடம் தாழிக்குள் தாக்குப்பிடித்ததில் எனக்கு வியப்பில்லை. நம் அலுவலகத்தில் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்ததே, அதுதான் வியப்பு.

பிறகு பாசம் பொங்கிற்று. 2020 பட்ஜெட்டில் ராக்கிகரி, ஹஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் சிறப்புத் தலம் என்று நிதியமைச்சர் வாசித்தார். மாநிலம் சும்மா இருக்குமா? 2021 செப்டம்பரில் பொருநை அருங்காட்சியகம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது. இடம், நெல்லை. தாழி இங்கே, கட்டடம் அங்கே. 2023 ஆகஸ்ட் 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேரில் வந்து பறம்பில் ஒரு அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார். நடுவீட்டில் பிணம் கிடக்க, கொள்ளி வைப்பது மூத்தவனா இளையவனா என்று பங்காளிகள் திண்ணையில் மல்லுக்கட்டுவார்களே, அந்தக் கூத்துதான். செத்தவன் மட்டும் பொறுமையாகக் கிடக்கிறான். அவனுக்குப் பழக்கம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே நாளில் தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி பதித்துத் திறந்துவைத்தார்கள். அதில் நின்று குனிந்தால் காலடியில் தாழிகள், வாயைத் திறந்தபடி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. சரியான வேலை. தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வேண்டியது. நூறு வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

அடிக்கல் நட்டு நாலு மாதம்தான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் வட்டாரம் மூழ்கியது. இதோ, பறம்புக்குப் பக்கத்து ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. எண்ணூறு பேர் தண்ணீருக்கு நடுவே. முதலில் சோறு பொங்கிக் கொண்டுபோனது பக்கத்து ஊர்ச் சனம். சிறப்புத் தலத்தின் சிறப்பு அன்று தெரிந்தது. செத்தவனுக்குக் கண்ணாடிக் கூரை, உயிரோடு இருப்பவனுக்கு ரயில்பெட்டிக் கூரை.

கடற்கரைப் பக்கம் போனால் குலசேகரன்பட்டினம். ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர். இனி ராக்கெட் கிளம்பும் ஊர். 2024 பிப்ரவரியில் அடிக்கல் விழாவுக்கு மாநில அமைச்சர் ஒருவர் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில் ராக்கெட்டின் மேல் சீனக்கொடி. அடிக்கல் நாட்டும் வேகத்தில் நாடு எது என்று பார்க்க நேரமில்லை போலும்.

பெரிப்ளூஸ் என்ற பழைய கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் தண்டனைக் கைதிகளை முத்துக்குளிக்க இறக்கினார்கள் என்கிறது. நல்ல சட்டம். பதினைந்து வருடம் அறிக்கையின் மேல் உட்கார்ந்தவர்களை இறக்கிவிடலாம் என்றால், கொற்கையில் கடல் இல்லை. தூத்துக்குடியிலோ 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே இல்லை. இந்த ஊரில் தண்டனைக்கும் வழியில்லாமல் போய்விட்டது.

மூவாயிரம் வருடம் கழித்து நம் காலத்தைத் தோண்டுகிறவனுக்குக் கட்டடங்களைவிட அடிக்கற்களே அதிகம் கிடைக்கும். பெயர் பொறித்த கல்லைச் சுற்றி ஏதோ வழிபாடு நடந்தது என்று அவன் எழுதுவான். சரியாகத்தான் எழுதுவான்.

செந்தூர் முருகனைப் பார்க்க லட்சம் பேர் போகிறீர்களே, நெல்லைச் சாலை பறம்பை ஒட்டித்தான் போகிறது. அரைமணி நேரம் இறங்கிப் பாருங்கள். அடுத்த அடிக்கல் விழாவுக்கு ஆள் ஏற்ற வேன் வரும். அதில் மட்டும் ஏறாதீர்கள்.