உதாரண மாஸ்டர்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் மாடிப்படி ஏறினால் இவரைப் பார்க்கலாம். கீழே செல்போன் ரிப்பேர், மேலே இவர். போர்டில் ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ, பேங்க், எஸ்எஸ்சி, ஐஏஎஸ் என்று இந்த உலகத்தில் மனிதன் எழுதக்கூடிய எல்லாப் பரீட்சையும் இருக்கும். கிராமர் சொல்லித்தர ஊரில் நாலு பேர் உண்டு. உதாரணத்துக்கு இவர் ஒருவர்தான். அதனால் பெயரும் உதாரண மாஸ்டர்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் இரண்டாவது கட்டுரைக்கு நாற்பது நிமிடம், குறைந்தது 250 சொல். ஜிஆர்இயில் முப்பதே நிமிடம். கேள்வியோ அரசாங்கம், அறிவியல், பண்பாடு என்று மனித குலத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கச் சொல்லும். கூடவே, உங்கள் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் தருக என்று ஒரு வரி. அங்கேதான் பிள்ளைகள் பேனா மூடியைக் கடிப்பார்கள். இருபத்திரண்டு வயதில், கடிகாரம் ஓடும்போது, சொந்த அனுபவம் எவருக்கு ஞாபகம் வரும்? எடிசன்தான் வருவார். பல்பைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் தடவை தோற்றபடி.

மாஸ்டரும் ஆரம்பத்தில் எடிசன் கட்சிதான். எடிசன், காந்தி, ஸ்டீவ் ஜாப்ஸ் மூவரையும் வைத்துப் பல வருடம் ஓட்டினார். பசுமாட்டைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டுத் தென்னை மரத்தைப் பற்றி எழுதிய பையனை நாம் கேலி செய்கிறோம். இவர் வகுப்பில் அந்த மாட்டை ஆப்பிள் கம்பெனி வாசலில் கட்டினார்கள். பிறகு ஒரு நாள், மாரிக்குப்பம் வண்டியில் நின்றபடி பெங்களூர் போய்க்கொண்டிருந்தபோது, அவருக்கு ஞானம் வந்ததாகச் சொல்வார்: காலுக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு உதாரணம் கிடக்கும்போது அமெரிக்காக்காரனிடம் எதற்குக் கடன்?

அன்றைக்குத் தொடங்கியதுதான் உதாரண ரெஜிஸ்டர். நீள நோட்டு, சிவப்புக் கோடு. இடது பக்கம் டாபிக், வலது பக்கம் தங்கவயல்.

"இன்னா டாபிக்?" என்பார்.

"தொழில்நுட்பம் சார்."

"போடு சிவசமுத்திரம். 1902. காவேரியில கரண்ட் எடுத்து நூற்றைம்பது கிலோமீட்டர் கம்பி இழுத்தாங்க. எதுக்கு? நம்ம மைன்ஸுக்கு. பெங்களூருக்கே அதுக்கப்புறந்தான் லைட்டு."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தங்கவயல்காரன் எவனும் ஒரு அங்குலம் உயர்வான். மாஸ்டர் இரண்டு அங்குலம். பையன்கள் பழக்க தோஷத்தில் இதற்கு விஸ்வேஸ்வரய்யாவைப் போட்டுவிடுவார்கள். கர்நாடகத்தில் கட்டியது எதுவானாலும் அவர் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அது திவான் சேஷாத்திரி ஐயர் காலத்து வேலை என்று மாஸ்டர் அடித்துத் திருத்துவார். "உண்மையும் அதான். ஸ்பெல்லிங்கும் சின்னது."

அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டால் சாம்பியன் ரீஃப். 1965-ல் டாடா ஆராய்ச்சிக் கழகத்தினரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் அந்தச் சுரங்கத்தின் அடியில் கருவி வைத்து, காற்று மண்டலத்தில் பிறந்து பூமிக்குள் புகுந்து வரும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். வேறு துகள் எதுவும் குறுக்கே வராதபடி மேலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறை மூடியிருந்ததுதான் வசதி. தங்கம் தோண்டிய குழியில், எடையே இல்லாதது போன்ற ஒன்றைத் தேடியிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் என்றால் சயனைடு மேடு: மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண், காற்றடித்தால் கண்ணில் விழும். சினிமாவின் செல்வாக்கு என்றாலும் அதே மேடுதான். ராக்கி பாய் வரும் ‘கேஜிஎஃப்’ படத்தின் காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். அந்தப் படம் வந்த பிறகு மாஸ்டர் ஒரு உத்தரவு போட்டார்: ஊர்ப் பெயரை மூன்றெழுத்தில் எழுதாதே, கோலார் தங்கவயல் என்று முழுசாக எழுது. திருத்துகிறவன் சினிமாக் கதை என்று நினைத்துவிடுவான். மேலும் வார்த்தைக் கணக்கு ஏறும்.

ஆனால் அவருடைய உச்சக்கட்ட வித்தை அரசு நிறுவனம் பற்றியது. அரசு தொழில் நடத்தலாமா? நடத்தலாம் என்பவனுக்கு பெமல். 1964-ல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. கூடாது என்பவனுக்கு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். 2001 பிப்ரவரி 28-ல் இழுத்து மூடியது. இரண்டும் ஒரே ஊர். "ஆமான்னாலும் நம்ம ஊரு, இல்லன்னாலும் நம்ம ஊரு. உலகத்துல எவனுக்குக் கெடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்பார். மூடிய அன்று வேலை போனவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். அது ரெஜிஸ்டரில் இல்லை.

திருத்துகிறவர்கள் இதையெல்லாம் சரிபார்ப்பார்களா என்று ஒருவன் கேட்டுவிட்டான். மாஸ்டருக்கு அது தெரியாத விஷயமல்ல. 2005-ல் அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வில் 25 நிமிடக் கட்டுரையைப் புகுத்தியபோது, எம்ஐடியின் லெஸ் பெரல்மன் மாதிரி விடைகளை எடுத்துப் பார்த்தார். நீளமாக எழுதியவனுக்கு மார்க் ஏறியது. தகவல் தப்பாயிருந்தாலும் குறையவில்லை. பின்னாளில் அவர் மாணவர்களுடன் சேர்ந்து அர்த்தமே இல்லாத கட்டுரையைக் கொட்டும் ஒரு மென்பொருளே செய்தார். மதிப்பெண் போடும் இயந்திரங்கள் அதற்கும் மகிழ்ந்து மார்க் போட்டன. எஸ்ஏடியின் கட்டுரையை 2021-ல் எடுத்தே விட்டார்கள். இதையும் மாஸ்டர் ரெஜிஸ்டரில் ஏற்றியிருக்கிறார், ‘தேர்வுகள் தேவையா’ என்ற தலைப்புக்கு நேராக. ஆனால் அவர் வகுப்பில் பொய்த் தகவல் கூடாது. பொய் சொல்ல யோசிக்க வேண்டும், யோசித்தால் நேரம் போகும் என்பது அவர் கட்சி.

நேரம்தான் அவருடைய தெய்வம். ஒருவன், பத்திரிகைச் சுதந்திரம் என்ற தலைப்புக்கு, அயோத்திதாசர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவருக்குப் பின் 1920களில் இதே தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் கையில் மறுபடி வெளிவந்ததை எழுதினான். அருமையான உதாரணம். என்னைக் கேட்டால் அந்த நோட்டில் உள்ள எல்லாவற்றையும்விட அருமை. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டார். "யாரு அயோத்திதாசர்னு சொல்லவே எழுபது வார்த்தை ஆவும். வுடு."

இந்த விதியில் சிக்கியவள் ஒரு நர்ஸ் பெண். பெங்களூரில் வேலை, அயர்லாந்துக்கு முயற்சி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அன்றைய தலைப்பு: உடல்நலத்துக்கு மனிதனே பொறுப்பா, அரசா? மாஸ்டர் சிவப்புக் கோட்டில் விரலை ஓட்டி, "சுரங்கத் தொழிலாளி, சிலிக்கோசிஸ், ரெண்டு வரி" என்றார். அவளோ தாத்தாவை எழுதத் தொடங்கினாள். சங்கு ஊதியதும் கிளம்பியது, கேஜில் இறங்கியது, சூடான பாறையைத் துளைத்த தூசி நுரையீரலில் படிந்தது, ஏர் பிளாஸ்ட் என்னும் பாறை வெடிப்பு வந்து லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் குலுங்கும்போது பாட்டி வாசலுக்கு ஓடியது, தாத்தா கடைசி வரை உட்கார்ந்தே தூங்கியது. நாற்பது நிமிடம் முடிந்தபோது பாதிக் கட்டுரை. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, மனிதனா அரசா என்ற பேச்சே இல்லை.

மாஸ்டர் முழுக்கப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இன்னாமா இது? கேஜுல எறங்கினே சரி. மேல ஏற மறந்துட்டியே."

"தெரிஞ்சத எழுதச் சொன்னீங்களே சார்."

"தெரிஞ்சத எழுது. இவ்ளோ தெரிஞ்சத எழுதாத. ரெண்டாவது லெவலோட நின்னுரு. தாத்தான்னு போடாத, தொழிலாளின்னு போடு. பாட்டிய எடுத்துரு."

அவள் பாட்டியை எடுக்க மறுத்தாள். இரண்டு ஞாயிறு வாதம் நடந்தது. கடைசியில் பரீட்சைக்குப் போனபோது தாத்தாவையும் எடுத்துக்கொள்ளாமல், தொழிலாளியையும் எடுத்துக்கொள்ளாமல், எடிசனோடு போனாள். கேட்ட மார்க் கிடைத்தது. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு கிலோ மைசூர் பாகோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டருக்கு எடிசன் ஜெயித்ததில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அன்று மாலையே ரெஜிஸ்டரில் புது வரி ஏறியது. இடது பக்கம்: படித்தவர்கள் வெளிநாடு போவது நாட்டுக்கு நல்லதா, கெட்டதா? வலது பக்கம்: மூடிய சுரங்க ஊரிலிருந்து அயர்லாந்து போன ஒரு நர்ஸ். ஓரத்தில் சின்னதாகக் குறிப்பு: ‘ரெண்டு பக்கத்துக்கும் வரும்.’