தனித் தொகுதி
கேள்வி: அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத் தலைவர் ஜான் லூயிஸ் போல, ஒடுக்கப்பட்டவர் குரல் சபையேறிய கதை நம் பக்கம் உண்டா?

பதில்: ஏற்காட்டுக்கு வாருங்கள்! 1965-ல் செல்மா பாலத்தில், வாக்குரிமைக்காக மண்டை உடைபட்டவர் லூயிஸ். 1986-ல் ஜார்ஜியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, 2020-ல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். நம் நாட்டிலோ, இடஒதுக்கீட்டின் வழியே அரசியல் சாசனமே கதவைத் திறந்துவைத்தது. தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டுதான்: ஏற்காடு, சேந்தமங்கலம். சேர்வராயன் மலையைக் கொண்ட ஏற்காட்டில் சி.பெருமாள் 1989, 1991, 2011 என மூன்று முறை வென்றார். 2013-ல் அவர் மறைந்ததும், இடைத்தேர்தலில் மனைவி சரோஜா வென்றார். இடுப்பில் பை கட்டிக் காபிப்பழம் பறிக்கும் பெண்ணின் விரலிலும், எஸ்டேட் முதலாளியின் விரலிலும் வைப்பது ஒரே மைதான். பெயர்தான் 'தனித்தொகுதி', மலைமக்களைத் தனித்து நிற்கவிடாத தொகுதி அது!