உபயம்: ஓட்டை ஸ்பீக்கர்

ப்ளூஸும் பழைய ராக்கும் வாசிக்க ஆசைப்படுகிற பொழுதுபோக்குக் கிட்டார்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சாமான்களில்தான் போய் முடியும். எந்த ஆம்ப், எந்த பெடல், என்ன தடிமனில் கம்பி, அந்தக் கம்பியில் நிக்கல் எவ்வளவு. இந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் இதைக் குறை சொல்கிற உரிமை எனக்கு உண்டு. எங்கள் மதத்தின் மூலக்கொள்கை எளிமையானது: ஹெண்ட்ரிக்ஸுக்கும் நமக்கும் குறுக்கே நிற்பது ஒரு பெட்டிதான், அதை வாங்கிவிட்டால் குறுக்கே ஒன்றும் நிற்காது. இந்தக் கொள்கைக்கு எதிரான சாட்சியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. நாம் தவணை கட்டித் துரத்துகிற ஓசைகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒன்று உடைந்தபோதோ கிழிந்தபோதோ கிடைக்காமல் போனபோதோ பிறந்தவை. மோசமான சாமானை வைத்துக்கொண்டு ராப்பகலாக வாசித்தவர்கள் உண்டாக்கிய இசை இது. நாமோ அருமையான சாமானை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் வாசிக்கிறோம். கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டு விடை வரவில்லை என்று அடுத்த பெடலைத் தேடுகிறோம் என்பது என் கட்சி.

முதல் சாட்சி மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து, 1951ஆம் ஆண்டு. ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்யச் சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோவுக்குக் காரில் போகிறது. வழியில் ஆம்ப் அடிபட்டுவிடுகிறது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள் சிலர், மழையில் நனைந்தது என்பார்கள் சிலர். எப்படியோ ஸ்பீக்கர் கெட்டுவிட்டது. சரிசெய்ய அவகாசமில்லை, உள்ளே காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். வில்லி கிஸார்ட்டின் கிட்டார் கரகரவென்று உறுமியது, பிலிப்ஸுக்கு அது பிடித்துப்போனது, உலகத்தின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு இதுதான் என்று இன்றைக்கும் பலர் சத்தியம் செய்கிறார்கள். லிங்க் ரே விபத்துக்காகக் காத்திருக்கவில்லை; பென்சிலை எடுத்து ஸ்பீக்கரில் தானே ஓட்டை போட்டார். 1958இல் வந்த அவருடைய 'ரம்பிள்' இசைத்தட்டில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் பையன்களை அடிதடிக்குத் தூண்டும் என்று அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. வார்த்தையே இல்லாத பாட்டில் ஆட்சேபகரமான வரிகளைக் கண்டுபிடித்தவர்களைத் தணிக்கைக் கலையின் மேதைகள் என்றே சொல்ல வேண்டும். லண்டனில் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், மீசை அரும்பும் வயதில், ஒரு சின்னப் பச்சை ஆம்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கீறினார். 1964இல் 'யூ ரியலி காட் மீ' வந்தது.

என்றாலும் எனக்குப் பிடித்த சாட்சி நாஷ்வில்லில் நடந்ததுதான். மார்ட்டி ராபின்ஸ் 1961இல் வெளியிட்ட 'டோன்ட் வொர்ரி' என்ற சாதுவான பாட்டு. நடுவில் கிரேடி மார்ட்டின் வாசிக்கும் கிட்டார் திடீரென்று வயிற்றுக் கோளாறு வந்ததுபோல் பொருமுகிறது. காரணம் கலையல்ல, ஒலிப்பதிவு மேசைக்குள் ஒரு பாகம் பழுதாகியிருந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்கும் சர்க்யூட் ஒன்றை உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று நம் காலடியில் வரிசைகட்டிக் கிடக்கும் பெட்டிகளுக்கெல்லாம் பாட்டன் அதுதான். விற்றவர்களுக்கே அது எதற்கு என்று தெளிவாகத் தெரியவில்லை. கிட்டாரை டிராம்போன் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கச் செய்யலாம் என்று விளம்பரப்படுத்தினார்கள். கிட்டார் வாங்கியவன் அது டிராம்போன் போல ஒலிக்கவில்லையே என்று என்றைக்கு ஏங்கினான்? மூன்று ஆண்டு கழித்து கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டுக்கு அதை மிதித்தார். அவரும் அதை ஒரு மாதிரிக்குத்தான் வாசித்தார். பிற்பாடு ஊதுகருவிகளை வைத்துச் சரியாகப் பதிவு செய்யலாம் என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் மாதிரியையே வெளியிட்டுவிட்டார்கள்.

சாமான்தான் இப்படி என்றில்லை, ஆட்களின் கதையும் அப்படித்தான். பர்மிங்ஹாமில் டோனி அயோமி பதினேழு வயதில், தகரப் பட்டறையில் தன்னுடைய கடைசி வேலைநாளன்று, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவரிடம் வேலையிடத்து மேலாளர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் கை கருகி, இடக்கையில் பெரும்பாலும் இரண்டே விரல்களால் தனி வாசிப்பு வாசித்தவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், தோலால் உறை போட்டார், மெல்லிய கம்பி கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினார், பிறகு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்று பின்னால் பெயர்பெற்ற கனத்த ஓசைக்குப் பின்னால் இந்தத் தொப்பிகள் இருக்கின்றன. பி.பி. கிங்குக்கு விரல்கள் முழுதாக இருந்தன. ஆனால் உறவினர் புக்கா வைட்டைப் போல ஸ்லைடு வாசிக்க வரவில்லை. அந்த இழுவையை விரல் நடுக்கத்தால் எட்டிப்பிடிக்கப் பார்த்ததில் பிறந்தது உலகமே அடையாளம் காணும் அந்த அதிர்வு. கார்ட்ஸ் வாசிப்பதும் தனக்கு வராது என்று அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரையன் மேயும் அவருடைய அப்பாவும், கடையில் வாங்கக் காசில்லாமல், பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம், மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங், அம்மாவின் பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு 1963இல் ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். 'குவீன்' குழுவில் அவர் காலமெல்லாம் வாசித்தது அதைத்தான். அதை மீட்டுவதும் ஆறு பென்னி நாணயத்தால். குழுவின் ஜான் டீக்கன் குப்பையில் கிடந்த சர்க்யூட் ஒன்றை எடுத்து வந்து கட்டிய குட்டி ஆம்ப் அந்தக் கிட்டாருக்குத் துணை போனது.

இங்கே ஒரு நண்பர் கையை உயர்த்துவார் என்று தெரியும். எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயாலுடன் செய்த இசைத்தட்டில் லெஸ் பால் கிட்டாரும் மார்ஷல் ஆம்பும் இல்லாமல் அந்த ஓசை வந்திருக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் அந்த வடிவ லெஸ் பாலை கிப்சன் நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே விற்பனை சரியில்லை என்று நிறுத்திவிட்டிருந்தது. கிளாப்டன் வாசித்தது கடைக்காரர்கள் கைவிட்ட சரக்கு. இன்று அதற்குப் பல லட்சம் டாலர் கொடுக்கிறார்கள் என்றால் அந்த விலை அவர் வாசித்த பிறகு ஏறியது. மார்ஷலின் பிறப்பும் இதே கதைதான்: மேற்கு லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், இறக்குமதி ஆம்ப் கட்டுபடியாகாத உள்ளூர்ப் பையன்களுக்காக, 1962இல் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்தது. அந்த மூலமும் பேஸ் கிட்டாருக்கென்று வடிவமைத்தது. கம்பி விஷயத்திலும் சாமான்வாதிகளுக்கு ஆறுதல் கிடைக்காது. ஸ்டீவி ரே வானின் ஓசை வேண்டும் என்று கப்பல் கயிறு போன்ற கம்பியை மாட்டி விரலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். பில்லி கிப்பன்ஸோ நூல் போன்ற கம்பியில் அதே அளவுக்கு மலையைப் புரட்டுகிறார். இவ்வளவு கஷ்டப்படுவானேன் என்று பி.பி. கிங் கேட்ட பிறகு மாற்றிக்கொண்டதாகச் சொல்வார். வானும் கிப்பன்ஸும் டெக்சாஸ்காரர்கள் என்பதால் தண்ணீரையும் காரணம் சொல்ல முடியாது.

இன்னொரு ஆட்சேபம் வேறு திசையிலிருந்து, பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும். கிழிந்த ஸ்பீக்கரின் இரைச்சலைப் போய்ச் சங்கீதம் என்கிறாயே என்பார்கள். அவர்களிடம் தம்புராவைக் காட்டினால் போதும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, தந்தி சுத்தமாக ஒலிக்காமல் ரீங்கரிக்கும்படி செய்கிறோம். அந்த நூலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஜீவாளி. நூலை எடுத்துவிட்டால் சுருதி அப்படியேதான் இருக்கும், தம்புரா செத்துவிடும். இரண்டுமே ஓசைக்குள் மேல்சுரங்களைக் கூட்டுகிற வேலைதான். அதற்கு ஒருவர் பருத்தி நூலையும் இன்னொருவர் சவர பிளேடையும் நாடினார் என்பதைத் தவிர, கொள்கையளவில் சபாவுக்கும் கிங்க்ஸுக்கும் பெரிய தகராறு இல்லை. கச்சேரி வித்வான்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

குறைதான் மூலதனம் என்றால், திறமைக் குறைவு என்ற மாபெரும் சொத்து நம்மிடம் இருக்கிறதே என்று யாராவது மகிழ்ந்துவிடக் கூடாது. சாமானில் குறை வைத்திருந்த இவர்கள் யாரும் சாதகத்தில் குறை வைக்கவில்லை. ராபர்ட் ஜான்சன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமாராக வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் கொஞ்சகாலம் ஊரில் காணாமல் போனார், திரும்பி வந்தபோது சன் ஹவுஸ் போன்ற பெரியவர்களே வாயைப் பிளந்தார்கள். உடனே ஊர் முடிவு கட்டியது: மிசிசிப்பி நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுவிட்டார். உண்மையில் அவர் ஐக் சிம்மர்மன் என்ற ஆசிரியரிடம் போய்க் கற்றுக்கொண்டிருந்தார். பாடம் ராத்திரி நேரத்தில் இடுகாட்டில் நடந்தது, அங்கே யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்பதால். 1936இலும் 1937இலும் டெக்சாஸில் இருபத்தொன்பது பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, 1938இல் தம் இருபத்தேழாம் வயதில் இறந்துபோனார். சாத்தான் கதை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு எங்களைப் போன்றவர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆன்மா என்றால் ஒரே தடவையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். தினசரி நாலுமணி நேரம் என்பது சாத்தானே கேட்கத் தயங்குகிற வட்டி. ஹெண்ட்ரிக்ஸும் 1966இல் லண்டனில் வந்து இறங்குவதற்கு முன்பு, லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி சகோதரர்களுக்கும் பின்னால் நின்று ஊர் ஊராக வாசித்துத் தேய்ந்தவர். அவர் வாவா பெடலை மிதித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

தேய்ந்தவர் என்றதும் இன்னொன்று. ரோரி கேலகர் 1963இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நூறு பவுண்டுக்கு வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர், அவர் வியர்வையிலும் அலைச்சலிலும் வண்ணம் பெரும்பகுதி உரிந்து மரம் தெரிய நின்றது. இதைப் பார்த்த ஃபெண்டர் நிறுவனம் என்ன செய்தது? புத்தம்புதுக் கிட்டாரை அதே இடங்களில் அதே அளவுக்கு உரித்து விற்றது. இப்படிச் செயற்கையாகப் பழசாக்கிய கிட்டார்களை அதன் சிறப்புப் பட்டறை 1995 முதல் விற்கிறது; புதுக் கிட்டாரை விடக் கீறிய கிட்டாருக்கு விலை அதிகம். வியர்வை சிந்தாமலே வியர்வையின் அடையாளத்தை வாங்கிக்கொள்ள வழி பிறந்தபின் சாதகம் யாருக்கு வேண்டும்? கணினி மென்பொருள்களோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. பழைய ஆம்பின் 'ஹம்' என்ற இரைச்சலைக்கூடக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்திருக்கிறார்கள். அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் நாற்பது ஆண்டுகள் பொறியாளர்கள் தலையை உடைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு வாதாடிய பிறகும் ஒரே ஒரு இடத்தில் சாமான்வாதிகளிடம் தோற்க வேண்டியிருக்கிறது. அது சத்தம். வால்வு ஆம்பை முழுசாகத் திருகினால்தான் அது சூடேறி உறுமும். மெதுவாக வாசித்துக்கொண்டே அந்த உறுமலைப் பெற எந்தச் சாதகமும் உதவாது. 1966 ஒலிப்பதிவிலேயே கிளாப்டன் சத்தத்தைக் குறைக்க மறுத்தார், பொறியாளர்தான் மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில் தள்ளி வைக்க இடமேது? ஆகவே நூறு வாட் ஆம்ப் ஒன்றை வாங்கி, அதில் தொண்ணூற்றொன்பது வாட்டை விழுங்கிச் சூடாக்கி வெளியே விடுகிற பெட்டி ஒன்றையும் வாங்குகிறோம். இந்தப் பெட்டிக்கு மட்டும் என் ஆட்சேபம் இல்லை. மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்கு வந்து மின்கிட்டாருக்கு மாறியது, குடித்துக் கூத்தடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் சாதாக் கிட்டார் யார் காதிலும் விழவில்லை என்பதால்தான். நம் சிக்கல் நேர் எதிரானது: கேட்க விரும்பாத கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்டுவிடுகிறது, அவர் மேலே ஏறி வருகிறார்.