பிட்டும் துருவும்: குணகம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருள்

குழல்பிட்டு என்பது மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஆவியில் வெந்து, உருளையாக வெளிவரும் பண்டம். மட்டக்களப்புக் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருப்பதைச் சொல்லப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்னும் உவமை வழங்குவதால், பிட்டின் சமூகவியல் போதிய அளவு பேசப்பட்டுவிட்டது. அதன் இரசாயனவியலோ தொடுவாரின்றிக் கிடக்கிறது. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுகூடம், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ஏதேனும் ஓர் அடுக்களை. கருவி, அடியில் சில்லு பொருத்திய குழல் ஒன்று. பிட்டு சேர்வையா கலவையா என்ற வாதம் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அது முடிவதற்குள் பிட்டு ஆறிவிடும்.

2. சூத்திரம்

குழலின் அடியில் தேங்காய்ப்பூ, அதன்மேல் மா, மீண்டும் தேங்காய்ப்பூ, மீண்டும் மா, வாயில் தேங்காய்ப்பூ. ஆக மா 2, தேங்காய்ப்பூ 3. இதுவே பிட்டின் சூத்திரம். இரசாயனத்தில் இத்தகைய எண்களை மூலகக் குறியீட்டின் காலடியில் சிறிதாக எழுதுவர். கீழொட்டு என்று பெயர். ஒரு பொருள் இன்னதுதான் என்று சொல்வது கீழொட்டு.

குணகம் வேறு. அது சூத்திரத்தின் முன்னால் நிற்கும் பெரிய எண். குழல்கள் எத்தனை என்பதை மட்டும் சொல்லும். 2 பிட்டு என்றால் உள்ளே உள்ள யாவும் இரட்டிக்கும்: மா 4, தேங்காய்ப்பூ 6.

3. மூலப்பொருள்கள்

மா சுண்டு கணக்கில் வரும். ஓர் அடுக்குக்கு ஒரு சுண்டு என்று கொள்க. தேங்காய் அப்படியன்று. கடையில் முழுதாகத்தான் விற்பார்கள். உடைத்தால் இரண்டு பாதி. ஒரு பாதியைத் திருவினால் ஓர் அடுக்கு. காற்றிலுள்ள ஒட்சிசனும் தேங்காயின் குணமுடையது: அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே திரியும். அரை மூலக்கூறு எந்தக் கடையிலும் இல்லை.

4. முறை

முதலில் குணகமின்றி எழுதுக: மா + தேங்காய் → பிட்டு. இடப்பக்கம் மா 1, பாதி 2. வலப்பக்கம் மா 2, பாதி 3. சமன் இல்லை.

சிக்கல் தேங்காயில் இருப்பதால் அங்கேயே தொடங்குக. இடப்பக்கம் இரண்டிரண்டாகவும் வலப்பக்கம் மும்மூன்றாகவும் பெருகும். இரண்டும் 6 இல் சந்திக்கும். ஆகவே 3 தேங்காய், 2 பிட்டு. இரண்டு குழலுக்கு மா 4. முடிவு: 4 மா + 3 தேங்காய் → 2 பிட்டு.

இதே சமன்பாட்டை 1924 இல் கட்டப்பட்ட கல்லடி இரும்புப் பாலம் அடுப்பும் பானையும் இன்றி, வாவியின் உப்புக்காற்றில் செய்துவருகிறது. துருவில் நீரும் சேர்ந்திருக்கும். பாடநூல் வழக்கப்படி அதை ஒதுக்கினால் எஞ்சுவது இரும்பு 2, ஒட்சிசன் 3. எனவே 4 இரும்பு + 3 ஒட்சிசன் மூலக்கூறு → 2 துரு. தேங்காய்த் துருவலும் இரும்புத் துருவும் ஒரே கணக்கில் அடங்குவது மொழியின் தற்செயலே.

நிறையிட்டும் சரிபார்க்கலாம். 224 கிராம் இரும்பு 96 கிராம் ஒட்சிசனை எடுத்து 320 கிராம் துருவாகும். காற்றிலிருந்து வந்த 96 கிராமைக் கணக்கில் சேர்க்காதவருக்கு இரும்பு தானே கனத்ததாகத் தோன்றும். தாக்கத்தின் முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதை இரசாயனவியலாளர் இலவோசியே 1789 இல் தம் நூலில் எடுத்துரைத்தார். சமப்படுத்துதல் என்பது அந்த விதிக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பதே.

5. பிழைகள்

முதற்பிழை, கணக்குச் சரிவரக் குழலுக்குள் கைவைப்பது. ஓர் அடுக்கைக் கூட்டினால் எண்கள் பொருந்தலாம். வெளிவருவது வேறு பண்டம். நீரின் சூத்திரத்தில் ஒட்சிசனுக்கு 2 என்று கீழொட்டு இட்டால் அது ஐதரசன் பேரொட்சைட்டு. புண் கழுவ ஆகும், தாகத்துக்கு ஆகாது. கைவைக்க உரிமையுள்ள இடம் குணகம் ஒன்றே.

இரண்டாவது, 2 மா + ஒன்றரைத் தேங்காய் → 1 பிட்டு என்று நிறுத்திவிடுவது. கணக்கு பிழையன்று, பின்னம் நீங்க முழுவதையும் இரண்டால் பெருக்குவது வழக்கம்.

மூன்றாவது, 8, 6, 4 என்று எழுதுவது. விருந்தினர் வந்த நாளுக்கு அது பொருந்தும். சமன்பாட்டிலோ பொதுக்காரணியால் வகுத்து 4, 3, 2 ஆக்க வேண்டும்.

6. பெயர் வேறுபாடு

தமிழ்நாட்டில் புட்டு, ஆக்சிஜன். இங்கே பிட்டு, ஒட்சிசன். புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, பின்னர் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்த விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பெயருக்கு மாநாடு கூட்டலாம். குணகத்துக்குக் கூட்ட வேண்டியதில்லை. அது இரு கரையிலும் 4, 3, 2 தான்.

7. மிகை

நடைமுறையில் அடுக்களை சமன்பாட்டைப் பார்த்து வாங்குவதில்லை. 4 சுண்டு மாவுக்கு 4 தேங்காய் உடைத்தாலும் பிட்டு 2 தான். மா தீர்ந்ததும் தாக்கம் நின்றுவிடும். மிஞ்சிய தேங்காயை இரசாயனவியல் மிகைத் தாக்கி என்கிறது. புளியந்தீவில் அதற்குச் சம்பல் என்று பெயர்.